சாரின் அம்பு நின்ற இடம்

"அக்கா, இனிமே போர்டுல சீட்டு அடுக்குற வேலையே இல்ல. ஒரு பொத்தானை அமுக்குனா மெஷினே எல்லாத்தையும் படிச்சு, இனம் பிரிச்சு, சுருக்கமும் எழுதிக் கொடுத்துருது!" என்று போன வாரம் அனுஷா போனில் குதித்தாள். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு எங்கள் கம்பெனிக்குப் படம் வரைகிற பெண் அவள். நான் ஓய்வு பெற்ற பிறகு டிசைன் கூட்டங்களை அவள்தான் நடத்துகிறாள்.

"நல்லது தாயி. அந்த மெஷின் சாரோட அம்பையும் படிக்குமா?" என்று கேட்டேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அது என்ன அம்பு, எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். என்னை எழுதச் சொல்வது பசித்தவனைப் பந்திக்கு அழைப்பது மாதிரி. இதோ உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் ஜெசிந்தா. பிறந்தது ராயப்பன்பட்டிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது கம்பத்தில், வேலை பார்த்தது முழுக்கப் பழனிசெட்டிபட்டியில். ஏலக்காய் உலர்த்தும் டிரையர் செய்கிற கம்பெனி எங்களுடையது. ஐ.டி.ஐ.யில் படம் வரைகிற படிப்பு முடித்து, டி-ஸ்கொயரும் டிரேசிங் பேப்பருமாக ஆரம்பித்தேன். விரலில் மைக்கறை போகாமல் கல்யாண மேடையில் உட்கார்ந்தவள் நான். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அழுதுகொண்டே கற்றேன், சிரித்துக்கொண்டே வரைந்தேன். அந்த வருஷங்களைச் சொல்ல ஆரம்பித்தால் ஓயாது. நான் சொல்ல வந்தது, ஓய்வுக்கு முந்தைய சில வருஷங்களில் என் வாழ்க்கைக்குள் வந்த அந்த வெள்ளைப் பலகையைப் பற்றி.

நோய்க் காலத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது வந்தது அது. ஆன்லைன் ஒயிட்போர்டு. நாங்கள் பலகை என்றே சொல்வோம். கம்ப்யூட்டர் திரையில் எல்லையே இல்லாத ஒரு வெள்ளை வெளி. அதில் யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் கோடு போடலாம், படம் வைக்கலாம், கலர் கலராக ஒட்டுச்சீட்டு ஒட்டலாம். அதுவரை எங்கள் ஆபீசில் ஒரு வரைபடம் மேசைக்கு மேசை நடந்து போகும். நான் வரைந்தது பட்டறைக்குப் போய், அங்கே திட்டு வாங்கி, சிவப்பு மையோடு என்னிடம் திரும்பி வரும். இந்தப் பலகையில் முதல் நாள் ஐந்து பேர் ஒரே படத்தில் ஒரே நேரத்தில் கை வைத்தோம். என் அடுப்புப் படத்துக்குப் பக்கத்தில், எங்கள் கம்பெனியில் விசிறி வேலை பார்க்கிற ஷாஜி குமுளியிலிருந்து ஒரு விசிறி வரைவது என் கண்முன்னே கோடு கோடாக வளர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுப்பில் வைத்த பாலை மறந்தேன். பொங்கி வழிந்ததை இரண்டு நாள் தேய்த்தேன்.

ஆனால் பழக வேண்டாமா? எங்கள் பட்டறைத் தலைமை ஃபிட்டர் முத்தையா, கடமலைக்குண்டுக்காரர். இரும்பைப் பார்த்தே கனம் சொல்கிற ஆள். அவர் விரலை வைத்துத் திரையைத் தேய்த்த தேய்ப்பில் படத்தை விட்டு எங்கோ போய்விட்டார்.

"யக்கா, நான் எங்கனயோ வந்துட்டேன். இங்கன ஒண்ணுமே இல்ல, ஒரே வெள்ளையா இருக்கு!"

"பயப்படாதீங்க முத்தையா, அங்கனயே நில்லுங்க. நான் கூப்பிடுறேன்."

எல்லோரையும் நான் நிற்கும் இடத்துக்கு இழுத்துவரும் பொத்தான் ஒன்று அதில் உண்டு. அதை அமுக்கியதும் வந்து சேர்ந்தார். "வந்துட்டேன், வந்துட்டேன்! அம்மாடி, செத்துப்போயிட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றார். அன்றிலிருந்து அந்தப் பொத்தானின் பெயர் எங்களுக்குள் 'முத்தையா பொத்தான்'.

கூட்டம் நடத்தும் முறையை நானாகத்தான் உருவாக்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன். முந்தின நாளே பலகையைத் தயார் செய்துவிடுவேன். இடது ஓரத்தில் இடத்தின் போட்டோக்கள்: எங்கே வைக்கப் போகிறோம், பாதை எப்படி, தண்ணீர் எந்தப் பக்கம். நடுவில் பழைய வரைபடம்; அதைப் பூட்டி வைத்துவிடுவேன், இல்லாவிட்டால் முத்தையா ஒரே இழுப்பில் அடுப்பைக் கேரளாவுக்குக் கொண்டுபோய்விடுவார். வலது பக்கம் மூன்று கட்டம்: 'செய்யலாம்', 'சந்தேகம்', 'பிறகு பார்ப்போம்'. கூட்டம் ஆரம்பித்ததும் யாரும் பேசக் கூடாது. கடிகாரம் ஓடும், எல்லோரும் எழுத வேண்டும். ஆளுக்கொரு நிறம், ஒரு சீட்டில் ஒரு யோசனைதான். அடுத்தவர் சீட்டை யாரும் அழிக்கக் கூடாது. கடிகாரம் முடிந்ததும் ஆளுக்கு மூன்று புள்ளி. பிடித்த யோசனையில் ஒட்டலாம். எந்தச் சீட்டில் புள்ளி கூடுகிறதோ அதை எடுத்து வரைய ஆரம்பிப்போம்.

இப்படியெல்லாம் சட்டம் போட்டேனே, ஒன்றை மட்டும் நான் கவனிக்கவே இல்லை. வரதராஜன் சாரின் அம்பு.

வரதராஜன் சார்தான் எங்கள் டிசைன் தலைவர். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, ஆனாலும் எல்லோருக்கும் பயம். காரணம் என்னவென்றால், அவர் பேசவே மாட்டார். படத்தை நீட்டினால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, "ம்" என்பார். அந்த 'ம்'மில் நீளமானது எது, குட்டையானது எது என்று பிரித்து அர்த்தம் சொல்ல ஆபீசில் ஆட்கள் இருந்தார்கள். சார் முகத்தைப் படிப்பது எங்களுக்கு வேலையில் பாதி. பலகைக்கு வந்த பிறகு முகம் போய்விட்டது. அவர் கேமராவை அணைத்து, மைக்கையும் அணைத்துவிட்டு உட்காருவார். மிச்சம் இருந்தது அவருடைய அம்புக்குறி ஒன்றுதான். பலகையில் யார் சுட்டியை நகர்த்தினாலும் ஒரு சின்ன அம்பு நகரும். அதன் வாலில் அவர் பெயர் இருக்கும். அவ்வளவுதான், எங்கள் ஆட்கள் அம்பைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அம்பு ஒரு சீட்டைச் சுற்றி வட்டமடித்தால் சாருக்குப் பிடித்திருக்கிறது. வேகமாகத் தாண்டினால் பிடிக்கவில்லை. ஒரு சீட்டின் மேல் நின்றுவிட்டால் முடிவாகிவிட்டது. முத்தையா மெதுவாகச் சொல்வார்: "சார் இப்பப் புகைபோக்கிப் பக்கம் போறாக... திரும்புறாக... அடுப்புக்கிட்ட நிக்கிறாக." அம்புக்குக்கூட மரியாதைப் பன்மை! புள்ளி ஒட்டும் நேரத்தில் எல்லோருடைய அம்பும் ஓரமாக ஒதுங்கி நிற்கும். சாரின் அம்பு ஒரு சீட்டில் நின்ற பிறகு, கோயில் வாசலில் நடை திறந்தது போல எல்லாம் ஒரே இடத்துக்குப் பாயும். நானும் அதை ஒற்றுமை என்று நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் ராசாத்தி வந்தாள்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலைக்குப் போய் நிலம் வாங்கிய சிறு விவசாயக் குடும்பங்கள் நிறைய உண்டு. அப்படி ஒரு மலைச்சரிவில் சில குடும்பங்கள் சேர்ந்து குழு அமைத்திருந்தார்கள். ராசாத்தி அதன் தலைவி. காய் உலர்த்துகிற இடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். இவர்களுக்குச் சொந்த ஸ்டோர் கிடையாது. பக்கத்துப் பெரிய எஸ்டேட்டின் ஸ்டோரில்தான் காயைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எஸ்டேட் காய் முழுக்க உலர்ந்த பிறகே இவர்கள் காய் உள்ளே போகும். பறித்த பச்சைக்காய் சாக்குக்குள் காத்திருந்தால் வேர்த்துப்போகும். வேர்த்த காயை எவ்வளவு பக்குவமாக உலர்த்தினாலும் பச்சை நிறம் வராது. நிறம் போன காயை ஏலத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வருஷம் முழுவதும் பாடுபட்டது, கடைசி ஒரு நாள் காத்திருப்பில் பாழாகும்.

அடுத்த காய் எடுப்புக்குள் தங்களுக்கென்று ஒரு டிரையர் வேண்டும் என்று வந்தாள். எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "யக்கா, பெருசாவெல்லாம் வேணாம். எங்க காய் எங்க கண்ணு முன்னாடி காயணும். அம்புட்டுத்தான்" என்றாள். வாடிக்கையாளரையே டிசைன் கூட்டத்துக்குள் உட்காரவைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. சாரிடம் கேட்டேன். "ம்" என்றார். நீளமானது.

கூட்டத்தில் கேள்வி இதுதான். எங்கள் கம்பெனி எப்போதும் செய்வது 'ஒரே பெட்டி': முழு அறையையும் பட்டறையில் வெல்டிங் செய்து, லாரியில் ஏற்றி, அப்படியே கொண்டுபோய் இறக்குவது. இடுக்கு இல்லை, சூடு ஒழுகாது. ஆனால் ராசாத்தியின் நிலத்துக்கு ஜீப் போகும் பாதைதான் உண்டு. லாரி போக வேண்டும் என்றால் எஸ்டேட்டின் கேட்டைத் தாண்டி, அவர்களுடைய அகலமான ரோட்டில் போய்ப் பின்பக்கமாக இறக்க வேண்டும். இன்னொரு வழி, அறையை மூன்று துண்டாகச் செய்து ஜீப்பில் கொண்டுபோய் மேலே பூட்டுவது. அதை நாங்கள் செய்ததே இல்லை. இணைப்பில் சூடு ஒழுகினால் ஒரு பக்கம் காய் கருகும், மறுபக்கம் புழுங்கும்.

ராசாத்தி மலையிலிருந்து போன் வழியாகப் பலகைக்குள் வந்திருந்தாள். சிக்னல் கிடைக்க ஒரு பாறைமேல் ஏறி நின்றிருந்தாளாம். முதல் பத்து நிமிஷத்தில் அவள் ஒட்டிய சீட்டு ஒன்றே ஒன்று: 'எஸ்டேட் கேட் வழியா வேண்டாம்.' காரணம் எழுதவில்லை.

கடிகாரம் முடிந்தது. எல்லோரும் சாரின் அம்பைப் பார்த்தோம். அது மெல்ல நகர்ந்து, 'ஒரே பெட்டி' என்ற சீட்டின் மேல் வந்து நின்றது. நின்றது நின்றதுதான், அசையவே இல்லை.

"சார் நின்னுட்டாக" என்று முத்தையா மூச்சுவிட்டார்.

புள்ளிகள் மழையாக விழுந்தன. ஷாஜி, "ஒரே பெட்டிதான் நல்லது சேச்சி, காத்து ஒழுங்கா போகும்" என்றான். முத்தையா, "துண்டு போட்டா ஒழுகும்க்கா, பட்டறையில எவனும் பொறுப்பு எடுக்க மாட்டான்" என்றார். அனுஷா லாரியின் அளவை வரைய ஆரம்பித்துவிட்டாள். அம்பு இன்னும் அங்கேயே நிற்கிறது. நாங்கள் பேசப் பேச அது அசையாமல் நிற்பதைப் பார்த்து, ஆகா, சார் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்று இன்னும் வேகமாகப் பேசினோம். ராசாத்தியின் சீட்டை அனுஷா மரியாதையாக எடுத்து 'பிறகு பார்ப்போம்' கட்டத்தில் வைத்தாள்.

திரையின் மேல் ஓரத்தில் ராசாத்தியின் பெயர் அணைந்தது. கூட்டத்திலிருந்து போய்விட்டாள்.

நான் உடனே போன் செய்தேன். "சிக்னல் போச்சா தாயி?"

"சிக்னல் இருக்குக்கா. பெரியவுக முடிவு பண்ணிட்டாக. நல்லாருக்கட்டும். எங்களுக்கு டிரையர் வேணாம்க்கா, நாங்க பழையபடி எஸ்டேட்டுக்கே காயைக் கொடுத்துக்கிறோம்."

"ஏன், லாரி ஒரு தடவைதானே அந்தக் கேட்டைத் தாண்டணும்?"

"ஒரு தடவையா? ரிப்பேருன்னா திரும்ப லாரி வரணும். விறகு வரணும்னா, 'நம்ம ரோட்டுலயே வாங்களேன்'ம்பாக. கேட்டைத் தொறந்துவிட்டவுக நாளைக்கு ஒரு வேலை ஏவுனா மாட்டேன்னு சொல்ல முடியுமாக்கா? அதுக்கு இப்ப இருக்குறதே மேலு, இப்பக் காத்துக் கெடக்குறது காய் மட்டுந்தான்."

இந்தப் பெண்ணுக்கு வேண்டியது டிரையர் மட்டும் இல்லை. யாரிடமும் போய் நிற்காத ஒரு வாழ்க்கை. நாங்கள் அவளை எந்த வாசலிலிருந்து விடுவிக்க வந்தோமோ, அந்த வாசல் வழியாகவே லாரி விட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பலகைக்குத் திரும்பினேன். அங்கே இன்னும் பாராட்டு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று சாரின் மைக் உயிர் பெற்றது.

"என்ன, எல்லாரும் முடிச்சிட்டீகளா? கேஸ் சிலிண்டர் வந்துச்சு, போய் வாங்கி வச்சிட்டு வந்தேன். இந்தக் கால வச்சுக்கிட்டு ஆமை மாதிரி நடக்க வேண்டியிருக்கு."

அவர் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து தேனியில் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

"ஒரே பெட்டிக்கு இம்புட்டுப் புள்ளியா? யார் சொன்னது?" என்றார்.

நான்தான் வாயைத் திறந்தேன். "நீங்கதான் சார்."

"நான் எங்க சொன்னேன்?"

"உங்க அம்பு சார். அதுமேல நின்னுச்சு."

பிறகு ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சார் சிரிக்கிறார்! இத்தனை வருஷத்தில் அவர் சிரிப்பு எனக்குத் தெரியாது. "அப்ப நான் சிலிண்டர் வாங்கிக்கிட்டு இருந்த நேரத்துல இங்க ஒரு முடிவு எடுத்திருக்கேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாங்கள் சேர்ந்து சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முழித்தோம்.

ராசாத்தி விலகிக்கொண்டதைச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. "அந்தம்மாவை நாளைக்கு மறுபடி கூப்பிடு, ஜெசிந்தா" என்றார். "நாளைக்கு என்னை ஒளிச்சு வை."

அந்த ஒரு வாக்கியம் எனக்குள் பட்டாசு கொளுத்திவிட்டது. அன்று முழுக்க அந்தப் பலகையின் மூலை முடுக்கெல்லாம் தோண்டினேன். எல்லோருடைய அம்பையும் மறைக்க ஒரு வழி இருந்தது. எழுதுகிற சீட்டு மற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்து, நான் திறக்கும்போது ஒரே நேரத்தில் தெரிகிற மாதிரி ஒரு வசதியும் இருந்தது. எழுதியவர் பெயரையும் எடுத்துவிடலாம். ஆளுக்கொரு நிறம் என்று நான் வைத்திருந்த சட்டத்தைத் தூக்கினேன். எல்லோருக்கும் ஒரே மஞ்சள். ராசாத்தியைக் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு முறை பாறைமேல் ஏறச் சொன்னேன். "கடைசித் தடவைக்கா, உங்களுக்காக" என்றாள்.

மறுநாள் எல்லோரும் உள்ளே வந்ததும் முத்தையா பதறினார். "யக்கா, சாரைக் காணோம்!"

"இருக்காக. ஆனா தெரிய மாட்டாக. நீங்களும் தெரிய மாட்டீக."

"அப்ப எதைப் பாத்து எழுத?"

"ஒங்க மனசைப் பாத்து எழுதுங்க."

கேட் வழி வேண்டாம் என்பது ஏன் என்று ராசாத்தி தன் வாயாலேயே சொன்னாள். பிறகு கடிகாரத்தை ஓடவிட்டேன். திரையில் ஒன்றுமே தெரியாது. ஆனால் மூடிய சீட்டுகள் முளைப்பது மட்டும் தெரியும். முதலில் ஒன்று, இரண்டு. பிறகு மளமளவென்று. ஐந்தாறு பேர் இருக்கிற கூட்டத்தில் நான் பார்த்திராத அளவுக்கு மஞ்சளாகிப்போனது பலகை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரம் முடிந்ததும் திறந்தேன்.

'மூணு துண்டாவே போடலாம். இணைப்பை என்கிட்ட விடுங்க.'

'ஒரே பெட்டியை லாரியில ஏத்துறதே ஒவ்வொரு தடவையும் உசிரு போற வேலை.'

'ஜீப்புக்கு ஏத்த அளவுல செஞ்சா இந்த மலையில எத்தனை பேருக்கு விக்கலாம்!'

'விசிறி காற்றைத் தள்ளாமல் உறிஞ்சினால் இணைப்பில் சூடு வெளியே போகாது.'

நடுவில் இப்படி ஒன்று: 'ஒரே பெட்டி என்பது நம்முடைய சோம்பேறித்தனம். துண்டு போடு. இணைப்புக்குப் பயந்து எத்தனை காலம் ஓட்டுவது?'

முத்தையா எனக்குத் தனியாகப் போன் போட்டு, "யக்கா, இதை எழுதுனவன் தொலைஞ்சான். சத்தியமா நான் இல்ல. ஷாஜியா இருக்கும்" என்று கிசுகிசுத்தார். ஷாஜி அதே நேரத்தில் எனக்கு, 'சேச்சி, அது முத்தையா அண்ணனா?' என்று செய்தி அனுப்பியிருந்தான்.

"அந்தச் சீட்டு என்னோடது" என்றார் சார்.

"சார்...?"

"துண்டு போட்டா என்னன்னு எத்தனை வருஷமா மனசுக்குள்ள வச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நீங்க எல்லாரும் சேர்ந்து ஒரே பெட்டிதான் நல்லதுன்னு சொன்னீக. சரி, பட்டறையில கை வைக்கிற ஆளுக சொல்றாக, காரணம் இல்லாமலா இருக்கும்னு விட்டுட்டேன்."

முத்தையா குறுக்கே பாய்ந்தார். "சார், உங்களுக்கு ஒரே பெட்டிதான் பிடிக்கும்னுல்ல நாங்க சொன்னோம்!"

யோசித்துப் பாருங்கள். அவருக்குப் பிடிக்கும் என்று இவர்கள் சொல்ல, இவர்கள் சொல்கிறார்களே என்று அவர் ஒப்புக்கொள்ள, யாருக்குமே பிடிக்காத ஒரு பெட்டியை நாங்கள் இத்தனை வருஷமாக வெல்டிங் செய்து மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். மரியாதை நல்லதுதான். ஆனால் இரண்டு பக்கமும் மரியாதை கொடுத்துக்கொண்டே இருந்தால் நடுவில் உண்மை சொல்ல ஆள் இல்லாமல் போய்விடுகிறது.

"அப்ப எங்களுக்கு டிரையர் உண்டா இல்லையா?" என்று பாறைமேலிருந்து ஒரு குரல் கேட்டது. ராசாத்தியை எல்லோரும் மறந்துவிட்டிருந்தோம்.

"உண்டும்மா" என்றார் சார். "ஜீப்புல வரும்."

அதற்குப் பிறகு நடந்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. காய் எடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. பலகை பகல் முழுக்கத் திறந்தே கிடந்தது. முத்தையா பட்டறையில் ஒரு இணைப்பைச் செய்து போட்டோ எடுத்துப் பலகையில் போடுவார். அடுத்த நிமிஷம் அனுஷா கோயம்புத்தூரிலிருந்து அதன் மேலேயே கோடு போடுவாள். ஷாஜி காற்று போகிற திசையை நீல அம்பாக வரைவான். ஒரு துண்டின் விளிம்பு அடுத்த துண்டின் பள்ளத்துக்குள், டிபன் கேரியர் அடுக்கு உட்காருவது போல உட்கார வேண்டும். நடுவில் சூடு தாங்கும் கண்ணாடி நார்க் கயிறு. சோதிக்கும் முறை முத்தையாவுடையது. விசிறியை ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி, இணைப்பு ஓரமாக மெதுவாக நடத்திக்கொண்டு போவார். புகை நேராக எழும்பினால் நல்லது. எங்காவது சாய்ந்து உள்ளே போனால் அங்கே ஓட்டை.

முதல் சோதனையில் கீழ் மூலையில் புகை சுருண்டு உள்ளே போனது. வீடியோவைப் பலகையில் போட்டார். எல்லோருக்கும் முகம் தொங்கிவிட்டது. கயிற்றை மாற்றினோம், பள்ளத்தை ஆழமாக்கினோம், புகை கேட்கவில்லை. அப்போது சாரின் அம்பு வந்தது. இப்போது அம்புகளைத் திரும்பக் காட்டியிருந்தேன். அது இணைப்பின் மேல் நிற்கவில்லை; தரையைக் காட்டி வட்டமடித்தது. யாரும் வாய் திறக்கும் முன் முத்தையா, "சார், மைக்கைப் போட்டுச் சொல்லுங்க. அம்பை நம்ப மாட்டோம்" என்றார். பட்டறையே சிரித்தது. சார் மைக்கைப் போட்டார். பட்டறைத் தரை ஒரு பக்கம் சரிவு. துண்டுகள் ஒன்றோடு ஒன்று சமமாக நிற்கவில்லை, அதனால் மூலை திறந்துகொள்கிறது என்றார். பட்டறைத் தரையிலேயே இப்படி என்றால் மலையில் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் உயரத்தைத் திருகிச் சரிசெய்கிற கால் வைத்தோம். மறுபடியும் ஊதுபத்தி. புகை மூலைக்கு வந்தது, நின்றது, நேராக மேலே போனது. முத்தையா பட்டறையில் விசிலடித்த சத்தம் என் கம்பத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் கேட்டது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து தனியாகவே கைதட்டினேன்.

மூன்று ஜீப்பில் மூன்று துண்டும் மலையேறின. அந்தப் பாதையில் ஒரு வளைவில் ஜீப் ஒதுங்கி, பின்வாங்கி, மறுபடி ஏறியதைப் பார்த்துக்கொண்டு கடைசி ஜீப்பில் நானும் போனேன். ஏறும்போது மாதா ஜெபம் சொன்னதில் பாதி எனக்காக, பாதி டிரையருக்காக. எஸ்டேட் கேட் எங்களுக்கு எதிர்ப்பக்கச் சரிவில் தெரிந்தது. காவலாள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

முதல் அடுப்பை ராசாத்தியே மூட்டினாள். முதல் காய் உலர்ந்து தட்டை வெளியே இழுத்தபோது, காய் அவ்வளவு பச்சையாக இருந்தது. அவள் ஒரு கை அள்ளி என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் ராசாத்தி அடிக்கடிப் பேசுவாள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் போனில் அவள் குரலே வேறு மாதிரி இருந்தது.

"யக்கா, சேதி தெரியுமா? எஸ்டேட் ஸ்டோர்ல விசிறி எரிஞ்சுபோச்சாம். பறிச்ச காய் சாக்கு சாக்கா நிக்குது. மேனேஜரே வந்தாக. 'ராசாத்தி, கொஞ்சம் காயை உன் ஸ்டோர்ல போட்டுக்கிறலாமா'ன்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"கொண்டாங்கன்னு சொன்னேன். எங்க காயோட சேத்து இன்னைக்கே போட்டுறலாம்னேன். பச்சைக்காய் காத்துக் கெடக்கக் கூடாதுல்லக்கா, யாரு காயா இருந்தா என்ன."

"நீ பெரிய மனுஷி தாயி" என்றேன். நிஜமாகவே நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இருங்கக்கா, இன்னும் முடியல. அவுக கேட்டைத் தொறந்து பின்பக்கமா லாரியிலயே கொண்டாந்துடுறோம்னாக. அந்த வழி வேணாம், ஜீப்புல ஏத்தி, சுத்தி, எங்க பாதையில வாங்கன்னு சொல்லிட்டேன்."

"வந்தாகளா?"

"வளைவுல ஒதுங்கி நிக்கிறாக. எங்க ஜீப்பு எறங்குது, அதுக்கு வழி விட்டுட்டு வருவாக."